குரல் கீழே இருக்கணும்

அந்தப் பெட்டி மேல மட்டும் கால் வைக்காதீங்க சார். இல்ல, பரவாயில்ல, ஒண்ணும் உடையல. உள்ள பதினொரு பெடல் இருக்கு. சைக்கிள் பெடல் இல்ல சார். கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல தரையில வச்சு காலால மிதிக்கிற டப்பா. ஒண்ணு சத்தத்தைக் கிழிக்கும். ஒண்ணு எதிரொலிக்க வைக்கும். ஒண்ணு தண்ணிக்குள்ள முக்கி எடுத்த மாதிரி ஆக்கும். எல்லாத்தையும் சேர்த்து மிதிச்சா வாசிக்கிறது கிதாரான்னே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் நோக்கம்.

பஸ் நகர ஒரு மணி நேரம் ஆகும்னு கண்டக்டர் சொன்னாரு. சில்வர் ஓக் மரம் சார், லேசுல அறுக்க முடியாது. விழுந்ததுதான் விழுந்துச்சு, வளைவுலயா விழணும்? நீங்க கால் நீட்டி உக்காருங்க. நான் ஏற்காட்டுல ஒரு வீட்டைக் காலி பண்ணிட்டு சேலத்துக்கு இறங்கிட்டு இருக்கேன். பேரு பிரிட்டோ. பேண்டு வச்சிருந்தேன். வச்சிருந்தேன்னு சொல்றதா, வச்சிருக்கேன்னு சொல்றதான்னு அதுலயே ஒரு பிரச்சனை.

கல்யாணத்துக்கு வாசிக்கிறதில்ல. சைக்கடெலிக் ராக், கனவுக்குள்ள கேக்கற மாதிரி சத்தம். அதுலயும் இண்டி. இண்டின்னா எந்தக் கம்பெனியும் பின்னாடி இல்லாம நாமளே பாட்டு போட்டு, நாமளே ரெக்கார்டு பண்ணி, நாமளே வெளியிடறது. கேக்கறதும் பெரும்பாலும் நாமளேதான்.

பேண்டு பேரு கொசுவலை. நான் வச்ச பேரு. சிரிக்காதீங்க, யோசிச்சுப் பாருங்க. வலைக்குள்ள படுத்துக்கிட்டு வெளிய பாத்தா எல்லாமே லேசா மங்கித் தெரியும். ஃபேன், கடிகாரம், பக்கத்துல நடக்கிற ஆளு, எல்லாம் ஒரு மாதிரி மிதக்கும். அந்த மாதிரி சத்தம் வேணும்னு ஆசைப்பட்டேன். என் மனைவி இளவேனில் மட்டும், "வலையை தினம் கட்டறது நான், பேரு வைக்கிறது நீயா?"ன்னு கேட்டா. அவ எப்பவுமே விஷயத்தை அப்படி நடைமுறைக்குக் கொண்டு வந்துருவா. கணக்கு டீச்சர்.

மூணே பேருதான். நான் கிதார். இளவேனில் குரல், பேஸ் கிதார். பேஸ்னா நாலு தடிச்ச கம்பி, கீழ்ஸ்தாயி, வயித்துல இடிக்கும். தஸ்தகீர் டிரம்ஸ். தஸ்தகீரும் நானும் ஒரே ஸ்கூல். அவன் அஞ்சு வருஷம் ஊர்வல பேண்டு செட்டுல வாசிச்சவன். அதனால எந்தப் பாட்டுக் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்துல அது நடக்க ஆரம்பிச்சுரும். நான் மிதக்கச் சொல்றேன், அவன் நடக்கறான். நாலு வருஷம் இதே போராட்டம்.

ஒரு நாள் அவனை உக்கார வச்சு எல்லாத்தையும் விளக்கினேன். இப்ப இருக்கிற பேண்டு யாரும் வானத்துல இருந்து குதிக்கல. அறுபதுகள்ல அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் கிழிஞ்ச ஸ்பீக்கர் சத்தத்தை வேணும்னே வரவழைச்சாங்க, டேப்பைத் தலைகீழா ஓட்டினாங்க. எழுபதுகள்ல ஜெர்மனில சில பேரு ஒரே தாளத்தைப் பத்து நிமிஷம் மாத்தாம அடிச்சாங்க. துருக்கில அவங்க ஊரு நாட்டுப்பாட்டை எலெக்ட்ரிக் கிதார்ல ஏத்துனாங்க. சஹாரால பாலைவனத்து ஆளுங்க கிதார் எடுத்தாங்க. இதையெல்லாம் இன்னைக்கு இருக்கிற பேண்டுங்க கேட்டுக் கலக்கி ஒரு கனவு மாதிரி ஆக்குறாங்க. அமெரிக்காவுல மூணு பேரு, பழைய தாய்லாந்துப் பாட்டைக் கேட்டு வாசிக்கிறாங்க. ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் எல்லா வாத்தியத்தையும் ரூம்ல தனியா உக்காந்து தானே வாசிச்சுடறாரு. தனியா! யாரும் வேண்டாம் அவருக்கு.

தஸ்தகீர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப நாம யாரைக் கேட்டு வாசிக்கிறோம்?"னான்.

"அவங்களை."

"அவங்க அவங்க ஊரைக் கேட்டாங்க. நாம அவங்களைக் கேக்கறோம்."

"அதேதான்"னேன். புரிஞ்சுக்கிட்டானேன்னு எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

அவன் கிழிஞ்ச சத்தத்தைப் பத்தி இன்னொண்ணும் சொன்னான். அவங்க மாமா ஆட்டோல பின் ஸ்பீக்கர் கிழிஞ்சு மூணு வருஷம் அப்படியே ஓடுச்சாம், அதுல எந்தப் பாட்டு போட்டாலும் என் கிதார் மாதிரியே இருக்குமாம். நான் வெளிநாட்டுல இருந்து வரவழைச்ச பெடல் சார் அது. அவன்கிட்ட என்ன பேசறது?

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் ஜூன் மாசம் ஆல்பம் பண்ணணும்னு முடிவு பண்ணேன். எட்டுப் பாட்டு. சேலத்து வெயில்ல கனவு வராது சார். அதனால ஏற்காட்டுல ஒரு வீடு பிடிச்சேன், மூணு மாசத்துக்குன்னுதான், ஆனா இன்னைக்கு வரைக்கும் விடல. ரெண்டு ரூம், ஒரு சமையக்கட்டு, ஜன்னலுக்கு வெளிய மூடுபனி. எனக்கு கம்பெனில லீவு கொடுத்தாங்க. இயந்திர உதிரி பாகத்துக்கு வரைபடம் போடற வேலை, நான் இல்லாட்டியும் ஓடும். இளவேனிலுக்கு லீவு கிடைக்கல. பிளஸ் டூ எடுக்கறா, எப்படிக் கொடுப்பாங்க?

காலைல ஆறேகாலுக்கு இறங்குற பஸ்ஸைப் பிடிப்பா. இருபது கொண்டை ஊசி வளைவு. சாயங்காலம் அதே இருபது வளைவு ஏறி வருவா. அஞ்சரைக்கு வீட்டுக்கு வந்து, சமைச்சு வச்சுட்டு, ஆறரைக்கு மைக் முன்னாடி நிப்பா. ஒரு வகைல அது நல்லதாப் போச்சு. பகல் முழுக்க வீடு எனக்கு அமைதியா இருந்துச்சு.

முதல் வாரம் குரல் கொஞ்சம் களைப்பாத்தான் இருந்துச்சு. களைப்பு இந்த மாதிரி பாட்டுக்குப் பொருந்தும். அவகிட்ட அதையே பாராட்டாச் சொன்னேன்.

அந்த வீட்டுல ஒரு பழைய ஃபிரிட்ஜ் இருந்துச்சு. ரொம்பப் பழசு. ஆன் பண்ணா ஒரு ரீங்காரம். என் மெஷின்ல அளந்து பாத்தேன், ஜி-ங்கிற சுதிக்குக் கொஞ்சூண்டு மேல நின்னுச்சு. நம்ம ஊர்ல தம்புரா எப்படி ஒரே சுதியைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும்? அந்த மாதிரி. கிதார், பேஸ் எல்லாத்தையும் அந்த ஃபிரிட்ஜுக்குத்தான் சுதி சேர்த்தேன். மொத்த ஆல்பமும் அந்தச் சுதி. பத்திரிகைக்காரங்க யாராவது கேட்டா இதைச் சொல்லணும்னு எழுதி வச்சிருந்தேன். யாரும் கேக்கல. நீங்கதான் முதல்ல.

என்ன ஒரு சிக்கல்னா, உள்ள குளிர்ந்ததும் மோட்டார் நின்னுரும். ரெக்கார்டிங் நடுவுல நின்னா எல்லாம் போச்சு. அதனால கதவைத் தொறந்து வச்சிட்டேன். தொறந்து வச்சா நிக்கவே நிக்காது. பால் கெட்டுப்போகும். தோசை மாவு புளிச்சு வழிஞ்சு வெளிய வந்துருச்சு ஒரு தடவை. இளவேனில் அதைத் துடைச்சுக்கிட்டே கேட்டா, "இதுல இனிமே எதையும் வைக்கக் கூடாதா?" நான், "ஆல்பம் முடியற வரைக்கும்"னேன். அவ அதுக்கப்புறம் ஒண்ணும் வைக்கல. ஒரு பாட்டில் தண்ணி மட்டும் இருந்துச்சு.

ஜூலை முதல் வாரம் அவளே ஒரு பாட்டு எழுதிட்டு வந்தா. பஸ்ல எழுதினது, பரீட்சைப் பேப்பர் பின்னாடி. மத்த ஏழும் நான் எழுதினது, அதுல வார்த்தை அதிகம் கிடையாது, "ஆஆ"தான். இதுல நிறைய வார்த்தை. தமிழ்ல வேற. தஸ்தகீர் கேட்டுட்டு குச்சியைக் கீழ வச்சுட்டான். என்னைப் பாத்தான். நான், "நல்லா இருக்கு, ஃபிரிட்ஜைப் பத்தி எழுதியிருக்கியா, நம்ம சுதிக்குப் பொருத்தம்"னேன்.

அவ, "ஃபிரிட்ஜைப் பத்திதான்"னா.

அவளே சொன்னா சார். சாட்சிக்கு தஸ்தகீர் இருக்கான்.

ஆனா ஒரு விஷயத்துல நான் கண்டிப்பா இருந்தேன். குரல் கீழே இருக்கணும். இந்த வகைப் பாட்டுல குரலும் ஒரு வாத்தியம்தான். மேல வந்து நின்னு, "நான் சொல்றதைக் கேளு"ன்னு சொல்லக் கூடாது. அது சினிமாப் பாட்டு. இங்க குரல் மூடுபனிக்குள்ள எங்கயோ யாரோ கூப்பிடற மாதிரி இருக்கணும். யாரு, என்ன கேக்கறாங்கன்னு தெரியக் கூடாது. அதனால அவ குரல் மேல ஏழு கிதார் போட்டேன். அப்புறம் குரலுக்கே எதிரொலி போட்டேன். ஒரு வார்த்தை பாடி முடிச்சா, அதோட வால் பதினாலு செகண்டு ஓடும்.

"என்ன பாடறேன்னு எனக்கே தெரியல, பிரிட்டோ"ன்னா.

"இப்பதான் சரியா வந்திருக்கு"ன்னேன்.

சின்ன ரூம் சார் அது. பத்துக்குப் பத்து. அதுல மூணு ஆம்ப்ளிஃபயர். என்னுது ரெண்டு, அவளோடது ஒண்ணு. என்னோட பெரிய ஆம்ப் அவளுக்கு இடது பக்கம், காதுக்கு நேரா, ஒரு ஸ்டூல் மேல. வேற இடம் இல்ல. அதோட, இந்த சத்தத்துக்கு ஆம்ப்பைத் திருகி விட்டாத்தான் குணம் வரும். மெதுவா வச்சா கிழியாது. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

ஜூலை ரெண்டாவது வாரத்துல ஒரு சாயங்காலம், நான் ஹெட்ஃபோன்ல இருக்கேன், அவ வந்து தோளைத் தொட்டா. கையைக் காட்டினேன், ஒரு நிமிஷம்னு. வால் ஓடிட்டு இருந்துச்சு. முடியற வரைக்கும் அங்கயே நின்னா. அப்புறம் சொன்னா, "காதுல கொய்ங்குன்னு ஒரு சத்தம் நாலு நாளா இருக்கு. நிக்கவே இல்ல."

நான் உடனே அக்கறையா விசாரிச்சேன். "எந்தக் காது?"ன்னேன். இடதுன்னா. "எந்த சுதியில கேக்குது?"ன்னேன்.

அவ என்னைப் பாத்தா.

ஏன் கேட்டேன்னா, எந்த அலைவரிசைன்னு தெரிஞ்சா மிக்ஸிங்ல, அதாவது எல்லாச் சத்தத்தையும் கலந்து அளவு பாக்கறப்ப, அந்த இடத்தைக் குறைச்சுடலாம். அவளுக்கு நிம்மதியா இருக்கும்ல? நானே மெஷின்ல ஒவ்வொரு சுதியாப் போட்டுக் காட்டி, "இதா? இதா?"ன்னு கேட்டேன். நாலாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்துல வந்தப்ப தலையாட்டினா. அந்த இடத்தைக் குறைச்சேன். எல்லாப் பாட்டுலயும். ஆல்பத்தோட சத்தமே கொஞ்சம் மென்மையாயிடுச்சு. அதை அவளுக்குச் சொன்னேன்.

நீங்க ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? தஸ்தகீரும் அப்படித்தான் பாத்தான்.

அடுத்த நாள் மத்தியானம் அவ ஸ்கூல்ல இருந்து சீக்கிரமே வந்துட்டா. பஸ்ல வளைவுல திரும்பறப்ப தலை சுத்துச்சாம். வந்து படுத்துட்டா. நான் பக்கத்து ரூம்ல, கதவைச் சாத்திட்டுத்தான் வாசிச்சேன். கொஞ்ச நேரத்துல, ரெக்கார்டிங்குக்கு வந்த தஸ்தகீர் பிளக்கைப் பிடுங்கிட்டான். பிளக்கைப் பிடுங்குறது ஆம்ப்புக்கு எவ்வளவு கெடுதல் தெரியுமா?

"டீச்சரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வர்றியா?"

"இந்த டேக் முடிச்சுட்டு வர்றேன், நீங்க முன்னாடி போங்க"ன்னேன்.

போனாங்க. அவன் பைக்ல. நான் டேக் முடிச்சேன், முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல பதிஞ்சது, நல்ல டேக். அதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. நான் போகல. மழை நின்னதும் போகலாம்னு இருந்தேன், ஆனா அன்னைக்கு மழை நிக்கல. சாயங்காலம் தஸ்தகீர் போன் பண்ணான். சேலத்துல காது டாக்டர் பாத்திருக்காரு. நரம்புல அடியாம். ஊசி போட்டிருக்காங்க. ஒரு மாசம் சத்தமே கேக்கக் கூடாதாம். ஹெட்ஃபோன் கூடாது, பாட்டு கூடாது. அவளை ஆத்தூர்ல அவ அக்கா வீட்டுல விட்டுட்டேன்னான்.

"ஒரு மாசமா? இன்னும் ரெண்டு வாரத்துல குரல் எல்லாம் முடிக்கணுமே"ன்னேன்.

அவன் போனை வச்சுட்டான். மழைல லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன்.

நல்லவேளை, குரல் பெரும்பாலும் எடுத்து முடிச்சிருந்தேன். மீதி எல்லாத்தையும் நானே வாசிச்சேன். அவ பேஸையும் நானே, டிரம்ஸையும் நானே. அந்த ஆஸ்திரேலியாக்காரர் மாதிரி. ஒரு மாசம், அந்த வீட்டுல, நானும் ஃபிரிட்ஜும். ஆகஸ்ட் பதினெட்டு முடிச்சேன். நாப்பத்தேழு நிமிஷம். ஒரு இடத்துல கூட குறை சொல்ல முடியாது.

முதல்ல அவளுக்குத்தான் அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: "டாக்டர் இன்னும் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. பாட்டுப் பேரெல்லாம் படிச்சுப் பாத்தேன்." அவ்வளவுதான். நான் உடம்பு எப்படி இருக்குன்னும் கேட்டேன் சார், கேக்காம இல்ல. "பரவாயில்ல"ன்னு போட்டிருந்தா. பரவாயில்லைன்னா சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

ஆல்பத்தை நெட்ல விட்டேன். மூணு மாசத்துல இருநூத்திப் பன்னெண்டு தடவை கேட்டிருக்காங்க. அதுல அறுபது எழுபது நானே. சரியா ஏறியிருக்கான்னு பாக்கணும்ல.

ஜனவரில என்ன நடந்துச்சு தெரியுமா? அவளும் தஸ்தகீரும் சேர்ந்து அந்த ஃபிரிட்ஜ் பாட்டைத் திரும்ப எடுத்திருக்காங்க. ஆத்தூர்ல, அவ அக்கா வீட்டு மாடி ரூம்ல. போன்லயே ரெக்கார்டு பண்ணியிருக்காங்க. அவ குரல், அவ பேஸ், தஸ்தகீர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவுத்துப் போட்டு கையால தட்டறான். நடக்கிற தாளம்தான், வேற என்ன. சத்தமா வாசிக்க முடியாதுல்ல அவளால, அதான். கிதார் இல்ல. நல்லா கவனிங்க சார். ஏழு கிதார் போட்ட பாட்டு. ஒண்ணு கூட இல்ல.

அது பத்திக்கிச்சு. எங்க பாத்தாலும் அதான். பொண்ணுங்க பாத்திரம் கழுவிக்கிட்டே பாடி வீடியோ போடறாங்க. எங்க கம்பெனில கேன்டீன்ல வேலை செய்யற அம்மா பாடறாங்க.

நீங்களும் கேட்டிருக்கீங்களா? உங்க பொண்ணு போன்லயா? பாத்தீங்களா! "ஓடிக்கிட்டே இருக்க, எங்கயும் போகல"ன்னு வரும், அதேதான். "உள்ள ஒண்ணும் இல்ல, குளிரு மட்டும் குறையல. கதவைத் தொறந்தாத்தான் உனக்கு வெளிச்சம் வருது, மூடுனா உள்ள யாருன்னு யாருக்குத் தெரியும்." அப்புறம் அடுத்த சரணம், "பக்கத்துல நின்னு பேசிப் பாத்தேன், உன் இரைச்சல்ல என் பேரே எனக்குக் கேக்கல."

என்ன ஒரு கவனிப்பு பாருங்க. கதவு, வெளிச்சம், இரைச்சல், எல்லாம் ஃபிரிட்ஜோட குணம்.

என்ன சார்? இல்ல, "பேரே கேக்கல"ங்கிறது கவிதை. ஃபிரிட்ஜ்கிட்ட யாரும் பேச மாட்டாங்கதான். அது ஒரு அழகுக்காக. எங்க அம்மாவும் இதையேதான் சொன்னாங்க. போன் பண்ணி, "டேய், அந்தப் பொண்ணு உன்னைப் பத்திப் பாடியிருக்குடா, வெக்கமா இல்லையா உனக்கு?"ன்னாங்க. அம்மா மாதா கோயில் கொயர்ல, பாட்டுக் குழுல பாடறவங்க. இந்த வகைப் பாட்டு அவங்களுக்குப் பழக்கமில்ல. குரலை மேல வச்சா இதான் சார் பிரச்சனை. ஆளாளுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சுருவாங்க.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். சுதி நான் கண்டுபிடிச்சது. அந்தச் சுதிலயேதான் இன்னும் பாடறா. ஆனா வெளியிட்ட இடத்துல என் பேரு எங்க இருக்குன்னு தேடுனா, கடைசில, நன்றிங்கிற இடத்துல. அக்கா, டாக்டர், நாற்காலி, பிரிட்டோ. நாற்காலிக்கு அப்புறம்.

போன மாசம் சேலத்துல ஒரு காலேஜ்ல அவங்க நிகழ்ச்சி. சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. நான் போனேன். சண்டை போடப் போகல. குறை இருந்தா எழுதிக் கொடுக்கலாம்னு ஒரு நோட்டு எடுத்துட்டுப் போனேன்.

கூட்டம் ஒரு முந்நூறு பேரு. நான் நேரா சவுண்டு பாக்கறவர் பக்கத்துல போய் நின்னுக்கிட்டேன். முதல் பாட்டு ஆரம்பிச்சதும் அவர்கிட்ட சொன்னேன், "குரலைக் கொஞ்சம் கீழ இறக்குங்க."

"இறக்கிட்டா மேல என்ன சார் இருக்கும்?"னாரு.

நான் மேடைப் பக்கம் திரும்பினேன்.

ஸ்பீக்கர் ரெண்டே ரெண்டு, சின்னது. அவளுக்கு இடது பக்கம் ஒண்ணுமே வைக்கல. மெலிஞ்சிருந்தா. தலைமுடியை வெட்டியிருந்தா. மூணாவது பாட்டு முடிஞ்சதும் மைக்ல சொன்னா, "அடுத்த பாட்டு உங்க எல்லாருக்கும் தெரியும். சேர்ந்து பாடுங்க. ஆனா எனக்கு சத்தம் ஆகாது. பக்கத்துல குழந்தை தூங்குதுன்னு நினைச்சுக்கிட்டுப் பாடுங்க."

பாடினாங்க சார். முந்நூறு பேரு. மெதுவா. யாரும் கத்தல, கை தட்டல. எல்லாம் காலேஜ் பசங்க, விசிலடிக்கிற வயசு. அப்படியே மூச்சு விடற மாதிரி பாடறாங்க. ஒருத்தர் கொஞ்சம் முன்ன, ஒருத்தர் கொஞ்சம் பின்ன. அதனால ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வால் வந்துச்சு. சுவர்ல பட்டு, கூரைல பட்டு, இறங்கி வருது. நான் பதினொரு பெடல் வச்சுக்கிட்டு மூணு மாசம் தேடின சத்தம். இங்க ஒரு பெடல் கூட இல்ல. நோட்டுல எழுதலாம்னு பேனாவைத் தொறந்தேன். தேதியை மட்டும் எழுதினேன்.

அப்புறம் இன்னொண்ணு. லெவல் அப்படி இருந்துச்சு, வார்த்தையைக் கேக்காம இருக்க முடியல. முந்நூறு பேரு சொல்றாங்க. அந்தப் பாட்டை நான் எத்தனை நூறு தடவை மிக்ஸிங்ல ஓட்டியிருப்பேன்? அன்னைக்குத்தான் முழுசாக் கேட்டேன்னு சொல்லலாம்.

ஒரு ஃபிரிட்ஜால அவ அவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான்னு எனக்குத் தெரியாது சார்.

நிகழ்ச்சி முடிஞ்சதும் மேடைக்குப் பின்னாடி போனேன். அவ வயரைச் சுத்தி வச்சிட்டு இருந்தா. தஸ்தகீர் என்னைப் பாத்தான், தலையை ஆட்டினான், சாமானை வண்டில ஏத்தப் போயிட்டான். நான் அவ பக்கத்துல போய் நின்னு பேச ஆரம்பிச்சேன். அவ கை வேலையா இருந்தா, பேசட்டும்னு விடறான்னு நினைச்சேன். நிறைய பேசினேன். எல்லாமே பேசினேன் சார், அன்னைக்கு மழைல நான் ஏன் வரல, வந்திருக்கணும், ஆம்ப்பை அங்க வச்சிருக்கக் கூடாது, அவ தோளைத் தொட்டப்ப நான் கையைக் காட்டினேனே, அது. வரைபடம் போடறவன், எனக்கு இதெல்லாம் வரிசையாச் சொல்ல வராது. ஆனா அன்னைக்கு வந்துச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் விடாமப் பேசியிருப்பேன். எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி ஆறு வருஷம், அப்படி ஒரு தடவை பேசினது இல்ல.

அவ வயரை முடிச்சுட்டு நிமிர்ந்தா. நான் நிக்கறதை அப்பத்தான் பாத்த மாதிரி பாத்தா. பாத்துட்டுச் சொன்னா, "இந்தப் பக்கம் கேக்காது பிரிட்டோ. அந்தப் பக்கம் வா."

சாதாரணமாத்தான் சொன்னா. பஸ்ல, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க"ன்னு சொல்வோமே, அந்த மாதிரி.

"சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்"னேன். அதுவும் அவளுக்குக் கேக்கல. நான் இன்னும் இடது பக்கமே நிக்கறேன்.

சுத்தி வந்தேன். நாலு அடிதான். வலது பக்கம் வந்து நின்னேன். அவ தலையைக் கொஞ்சம் சாய்ச்சு, கேக்கறதுக்குத் தயாரா நின்னா. அவ அப்படித்தான் நிப்பா எப்பவும், ஸ்கூல்ல பிள்ளைங்க சந்தேகம் கேட்டா நிக்கற மாதிரி. நான் வாயைத் தொறந்தேன். ஒண்ணுமே வரல சார். அஞ்சு நிமிஷம் பேசினதுல ஒரு வார்த்தை கூட மிச்சம் இல்ல.

"நல்லா இருந்துச்சு"ன்னேன்.

"தேங்க்ஸ்"னா.

இன்னும் கொஞ்ச நேரம் நின்னா. ரொம்ப நேரமே நின்னா, இப்ப யோசிச்சா. அப்புறம் வெளிய வண்டியை ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டுச்சு. எனக்குத்தான் கேட்டுச்சு, அவ வண்டி வெளிச்சத்தைப் பாத்துத் திரும்பினா. போறப்ப சொன்னா, "பேப்பர் வந்திருக்கும்ல? அடுத்த மாசம் பத்தொன்பதாம் தேதி. மறக்காம வா. நீ வரலைன்னா தள்ளிப் போட்டுருவாங்க."

குடும்ப நீதிமன்றம் சார். ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறது. ஆறு மாசம் முன்னாடியே கையெழுத்துப் போட்டாச்சு. அப்ப அதை நான் பெருசா எடுத்துக்கல. பேண்டு பிரியறப்ப இதெல்லாம் நடக்கும்னு நினைச்சேன்.

பத்தொன்பது நாளைக்குத்தான். அதான் இன்னைக்கு வீட்டைக் காலி பண்ணிட்டேன்.

மரத்தை எடுத்துட்டாங்க போல, முன்னாடி லாரி நகருது. இல்ல சார், நான் இறங்கி உதவி பண்ணியிருக்கணும், பேசிக்கிட்டே இருந்துட்டேன்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியணும். வக்கீலுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், அவரு சிரிச்சுட்டு வச்சுட்டாரு. நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வைப்பாங்களாம். ஏதாவது சொல்லணுமான்னு கேப்பாங்களாம். யாரு எந்தப் பக்கம் நிக்கணும்னு ஏதாவது கணக்கு இருக்கா சார் அங்க? ஆம்பளை இந்தப் பக்கம், பொம்பளை அந்தப் பக்கம்னு?

எனக்கு அவ வலது பக்கம் வேணும். கேட்டா விடுவாங்களா?